பிசின் தடவிய பெல்ட்

புதிதாக ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே வாழ்க்கையைக் கழித்தவனிடம் உலகத்தைப் பற்றிக் கேட்டால், அவன் படுத்திருந்த கோணத்திலிருந்துதான் சொல்லமுடியும். மனிதர்களை நான் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறேன். செருப்பை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் தடுமாற்றம்தான். முதுகு ஒத்துழைக்க மறுத்ததால் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிற பழக்கம் முன்பே உண்டு. கிரீஸ் கறை படாத பக்கங்களை இப்போதுதான் புரட்டுகிறேன்.

ஃபேன் பெல்ட் மாற்றுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை எந்தப் பட்டறையிலும் ஒரு டீ ஆறுவதற்குள் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். எஞ்சின் சுற்றுகிறது, அந்தச் சுற்றை விசிறிக்கும் தண்ணீர் பம்புக்கும் டைனமோவுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற ரப்பர் வளையம் அது, அவ்வளவுதான். அது அறுந்துபோன ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வண்டிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. இருந்தது ஒரே ஒரு பிக்கப். அதன் டிரைவர் நாச்சிமுத்து, அதற்கு முன்னால் அதே கம்பெனியில் பெல்ட்காரராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பின்னல் மெஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. கூரையை ஒட்டி நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து அகலமான தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். அவை வழுக்காமலும் அறுந்துபோகாமலும் பார்த்துக்கொள்வது அவர் வேலையாக இருந்தது. லைசென்ஸ் வாங்கியதும் முதலாளி அவரை மேலேயிருந்து இறக்கி ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார்.

அன்றைக்குப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் நின்றுபோய், என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் கம்பெனி வாசலில் பிக்கப் கிளம்பி நிற்பதைப் பார்த்துக் கை காட்டி, போகிற ஊரைச் சொன்னேன். முன் சீட்டில் அய்யாசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் மூத்த மெஷின்காரர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஏறுங்க கண்ணு," என்றார். "நானும் அக்கட்டதான் போகோணும். எந்தங்கச்சி தவறிப்போச்சு."

டூல் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

பொட்டலத்தில் இருந்தது கோடிச் சேலை. கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்து மேலே போர்த்தியாகவேண்டும். அது வரும்வரை எடுக்கமாட்டார்கள். அண்ணன் தம்பி கொடுக்கிற கடைசிச் சீர். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. "பொழுது எறங்கீட்டா ஆருக்காகவும் நிக்கமாட்டாங்க," என்றார். சேதி சொல்ல வந்தவர் காலையில் சைக்கிளில் வந்து, அண்ணன் வேறு ஊருக்குப் போயிருந்ததால் ஆளைத் தேடி அலைந்து, உச்சிக்கு மேல்தான் கண்டுபிடித்திருக்கிறார். முதலாளி, வீரபாண்டிச் சலவைப்பட்டறைக்குப் போகவேண்டிய பனியன் துணி உருளைகளைக்கூட இறக்கச் சொல்லாமல் வண்டியை அப்படியே அனுப்பிவிட்டார்.

 பல்லடம் தாண்டியதும் அண்ணன் தானாக ஆரம்பித்தார்.

"எந்தங்கச்சி பாவாத்தாளுக்கு ஒரே பொம்பளப் புள்ளைங்க கண்ணு. எம்பையனுக்கு முறை. கட்டிவெக்கச் சொல்லி அவ கேட்டா. நாந்தான் வேற எடத்துல பொண்ணெடுத்துப்போட்டேன். கலியாணத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல நின்னு, எல்லாருக்கும் கேக்கறாப்புல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போனா. இனி எங்க ஊட்டுப் படி மிதிக்கறதுன்னா கோடி எடுத்துக்கிட்டு வா, அப்டீன்னு."

நாச்சிமுத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"மொத வருசம் போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் என்னை வஞ்சுக்கிட்டுக் கெடந்தா. அப்பறம் சத்தத்தையே காணோம். ஆறிப்போச்சு, இனி ஒரு நாளைக்குப் போலாமுன்னு நெனைச்சுக்கிட்டே இருந்துட்டேன்." பொட்டலத்தை ஒருமுறை தடவிப்பார்த்தார். "அவ எங்கிட்டக் கேட்டு நான் குடுக்காதது ஒண்ணு. இந்தக் கோடியாச்சும் கொண்டுபோய்ச் சேத்தோணும்."

அதற்குப் பிறகு அந்த வண்டியில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே வேலைதான்.

பொங்கலூருக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும். பானெட்டுக்குள் பட்டென்று ஒரு அறை விழுந்த சத்தம். டேஷில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது சும்மா எரியுமுங்க. கண்டுக்காதீங்க," என்றார் நாச்சிமுத்து.

"நிறுத்துங்க," என்றேன்.

பானெட்டைத் தூக்கினால், ஃபேன் பெல்ட் இருந்த இடத்தில் விசிறியைச் சுற்றிக் கிழிசல்கள் தொங்கின. ரேடியேட்டர் ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தது. அண்ணன் தோளிலிருந்த துண்டை நீட்டினார். அதைப் போட்டு மூடியைத் திறந்ததில் துண்டு வெந்நீரும் துருவுமாக ஆகிவிட்டது.

தம்பிகளே, பெல்ட் அறுந்தால் பெல்ட்டைப் பார்க்காதீர்கள். அது ஏன் அறுந்தது என்று பாருங்கள். பம்பு இறுகிப்போய் அறுந்திருந்தால், புதுப் பெல்ட் மாட்டினாலும் அடுத்த ஊருக்குள் அதுவும் போய்விடும். நான் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுற்றியது, ஆட்டம் இல்லை. டைனமோவும் சுற்றியது. ஆனால் அதைத் தாங்கிப்பிடிக்கிற பட்டையில் போல்ட் தளர்ந்து, டைனமோ எஞ்சின் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பெல்ட் தொளதொளத்து வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படி வழுக்கினால் கிரீச்சென்று ஊரைக் கூட்டியிருக்கவேண்டுமே என்று யோசித்தபடி பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது.

"நாச்சிமுத்து, இதுல என்ன தடவினீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாதது இப்படி ஒட்டுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "சத்தம் போட்டுதுங்க. காது கொடுக்க முடியல. கம்பெனியில பெல்ட்டு வழுக்கிச் சத்தம் போட்டாப் பிசின்கட்டியை வெச்சுத் தேப்பமுங்க. கப்புனு புடிச்சுக்கும். இதும் பெல்ட்டுதானுங்களே? தேச்ச அன்னைக்கே சத்தம் நின்னுபோச்சுங்க."

சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பிசின்கட்டியை எடுத்தும் காட்டினார். சாட்சிப் பொருளைத் தானே ஒப்படைக்கிற ஆள்.

திருப்பூர்க்காரர் ஒருவருக்குத்தான் இந்தத் தவறு வாய்க்கும். அகலத் தோல் பெல்ட்டுக்கு அது மருந்து. இந்த மாதிரி பள்ளத்துக்குள் அமர்ந்து ஓடுகிற ரப்பர் பெல்ட்டுக்கு விஷம். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பிரசங்கமும் சேர்ந்தே வரும்.

"அது சத்தம் போட்டது ஏன்? எம் போல்ட்டைப் பாருன்னு கூப்பிட்டுருக்குது. நீங்க அதோட வாயை அடைச்சுட்டீங்க. சத்தம் நின்னுபோச்சுன்னாச் சரியாப் போச்சுன்னு அர்த்தமா? உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்துருக்குதுங்க, அறுந்துபோற வரைக்கும்."

சொல்லி முடித்துத் திரும்பினால், அய்யாசாமி அண்ணன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். முகம் பார்க்கிற விஷயத்தில் என் திறமையைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டேனே.

"ஸ்பேர் பெல்ட் எங்க?"

"இருந்துச்சுங்க. நூல் சுத்தற மெஷினு மோட்டாருக்குச் சரியா இருந்துச்சுன்னு போன மாசம் மேனேஜரு எடுத்து மாட்டிப்போட்டாருங்க."

பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. போகவேண்டிய ஊரோ பொங்கலூரிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே இருக்கிறது. பெல்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடும், ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மைல் போனால் கொதித்துவிடும். நிறுத்தி ஆறவைத்து, மறுபடி ஒரு மைல், மறுபடி ஆறவைத்து என்று போனால் விடியும்போது போய்ச் சேரலாம். சூரியன் ஏற்கெனவே எங்கள் முதுகுப் பக்கம் வந்துவிட்டது.

பின்னால் இருந்த பனியன் துணி என் கண்ணில் பட்டது. குழாய் மாதிரி, தையலே இல்லாமல் பின்னிய துணி. பெல்ட் ஆவதற்கென்றே பிறந்தது போல இருந்தது. பெருமையோடு ஒரு நீளம் வெட்டி, முறுக்கி, புல்லிகளைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். டைனமோவை வெளியே இழுத்து போல்ட்டை இறுக்கினேன். வண்டி கிளம்பியது. ஒரு வளைவு தாண்டவில்லை, நீண்டுவிட்டது. டைனமோவைப் பட்டையின் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். அதற்குள் இன்னும் நீண்டு, விசிறி முடிச்சை வாரிச் சுருட்டிக் கடாசிவிட்டது. பின்னல் துணி நீளும். அதுதானே அதன் குணம், அதற்காகத்தானே உலகம் அதை வாங்குகிறது. நான் அணிந்திருந்த பனியன் எந்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

வேண்டியது நெய்த துணி. நான் போட்டிருந்ததும் நாச்சிமுத்து போட்டிருந்ததும் தைத்த காக்கி. கிழித்தால் தேவையான நீளத்துக்குத் தேறாது. துண்டு ஈரத்தில் நைந்துபோயிருந்தது. அப்போது என் கண் போகக்கூடாத இடத்துக்குப் போனது. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் கண்ணுக்கு அந்த நாகரிகம் இருக்கவில்லை. முழுச் சேலை, புது நூல், கொஞ்சமும் நீளாது என்று அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். மேற்கே பொழுதைப் பார்த்தார்.

"நெய்த துணி இருந்தா ஓடுமா கண்ணு?"

"ஓடும்ணா. மெதுவா ஓடும்."

 பிறகு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "புடிங்க."

என் கையெல்லாம் கிரீஸ். இரண்டு முழங்கைகளையும் சேர்த்து நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.  எதை வெட்டிக் கொண்டுபோய் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்றுதான் மனசுக்குள் ஓடியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் வண்டிக்குப் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் பனியன் துணி சுற்றியிருந்தது. கையில் வேட்டி.

"இதை முறுக்குங்க. அது அவளுது."

வேட்டியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தேன். ஒன்று பெல்ட்டுக்கு, இன்னொன்று கைவசத்துக்கு. அந்த வண்டியில் அன்றைக்குத்தான் ஸ்பேர் பெல்ட் இருந்தது. முறுக்கி மாட்டியதும் நான் முடிச்சுப் போடப் போனேன். நாச்சிமுத்து என் கையைப் பிடித்தார்.

"முடிச்சு வேண்டாமுங்க, விசிறி வாரிப்போடும். நகருங்க."

உருளை கட்டியிருந்த சணலை உருவி, இரண்டு முனைகளையும் தட்டையாகச் சேர்த்து, தோல் பெல்ட்டுக்குப் போடுகிற அதே பின்னல் போட்டுத் தைத்தார். நான் டைனமோவை இழுத்து இறுக்கினேன். எஞ்சினை ஓட்டினால் துணி புல்லியில் வழுக்கியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாச்சிமுத்து கேட்கத் தயங்கினார். சற்று முன் அவ்வளவு பிரசங்கம் செய்த எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன்தான் சொன்னார்:

"அந்தப் பிசினைத் தேச்சுப் பாருங்க நாச்சிமுத்து."

கப்பென்று பிடித்துக்கொண்டது.

கட்டை வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் என்கிற வேகத்தில் போனோம். அடிக்கடி நிறுத்தி நான் இறங்கிப் பார்த்தேன். பானெட்டுக்குள்ளிருந்து சூடான பிசின் வாசனை, சாம்பிராணி போட்ட மாதிரி வந்துகொண்டிருந்தது. என் டிராக்டர் இருந்த தோட்டத்தைத் தாண்டிப் போனோம். கவனித்தேன், இறங்கவில்லை. அண்ணன் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருளும். இடுப்பில் இருந்தது சுருண்டு சுருண்டு முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிட ஒரு கையை எடுத்தார். பிறகு அந்தக் கையையும் பொட்டலத்தின் மேலேயே வைத்துக்கொண்டார்.

வண்டிப்பாதையில் திரும்பியபோது பொழுது பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. தூரத்தில் பறைச் சத்தம். ஊருக்குள் அடிக்கிறார்கள், இன்னும் எடுக்கவில்லை என்று நாச்சிமுத்து ஆறுதல் சொன்னார். சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. நாங்கள் போகிற வேகத்துக்கு அது அவ்வளவு சீக்கிரம் நெருங்கக்கூடாது என்று எனக்குப் புரிந்தபோது, எதிரே வளைவில் சங்கு ஊதிக்கொண்டு பாடை திரும்பியது.

இரண்டு பக்கமும் கள்ளிவேலி. பிக்கப்பும் பாடையும் ஒதுங்கிப் போக இடம் இல்லை. நாச்சிமுத்து எஞ்சினை நிறுத்தினார். அண்ணன் இறங்கி நடந்தார். பெரிய மனிதர், மேலே வெள்ளைச் சட்டை, கீழே சுருண்டு ஏறிய பனியன் துணி, கையில் பொட்டலம். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் பார்த்த எத்தனையோ முழங்கால்களில், அந்த இரண்டுதான் எனக்கு நினைவிருக்கிறது.

முன்னால் வந்த பாவாத்தாளின் புருஷன், அண்ணனுக்கு மச்சான், கையைத் தூக்கினார். பறை நின்றது. பாதையிலேயே இறக்கிவைத்தார்கள்.

செய்தித்தாளைப் பிரிக்க அண்ணனால் முடியவில்லை. மச்சான்தான் பிரித்துக் கொடுத்தார். அரக்குச் சேலை, மடிப்புக் கலையாதது. தலைமாட்டிலிருந்து கால்வரை போர்த்தி, ஓரத்தை இழுத்து நேராக்கினார். மறுபடி நேராக்கினார். இன்னும் ஒருமுறை நேராக்கக் குனிந்தபோது மச்சான் தன் தோள் துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டு, "நடங்க மச்சான், பொழுதாகுது," என்றார். மண்டபத்து வாசலுக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்த முதல் பேச்சு அது.

திருப்ப இடமில்லாததால், பாடைக்கு வழிவிட வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டினோம், மெயின் ரோடு வரைக்கும். பறை, சங்கு, அதற்கு முன்னால் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டு சாம்பிராணி வாசனையோடு ஒரு பிக்கப். மரியாதையாகத்தான் இருந்தது என்று பிற்பாடு யாரோ சொன்னார்களாம்.

திரும்பும்போது அண்ணனுக்கு யாரோ கொடுத்த வேட்டி இடுப்பில் இருந்தது. தலை ஈரம். வேட்டியின் இன்னொரு பாதியை மாட்டியிருந்தோம். பல்லடம் விளக்குகள் தெரியத் தொடங்கியதும் அவர் சொன்னார்.

"நாச்சிமுத்துவை வஞ்சீங்களே கண்ணு, சத்தம் நின்னாச் சரியாப்போச்சான்னு. அது எனக்குந்தான் விழுந்துச்சு."

"உங்களைச் சொல்லலீங்ணா."

"தெரியும்." கொஞ்சம் கழித்து, "நான் அவ ஊட்டுப் படி மிதிக்கல, பாத்தீங்களா. மயானத்துல இருந்து நேரா வந்துட்டேன். கோடியோட ஊட்டுக்கு வான்னு சொன்னவ, பாதி வழிக்கே எதுக்க வந்துட்டா." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "படி மிதிக்கவேண்டாமுன்னு வந்தாளா, இல்ல அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போலாமுன்னு வந்தாளா?"

நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார். நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்பது போல இருந்தேன்.

மறுநாள் புதுப் பெல்ட் மாட்டி, போல்ட்டுக்கு லாக் வாஷர் போட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கருகின வேட்டிப் பாதியை வெட்டி எடுத்தபோது நாச்சிமுத்து போட்ட பின்னல் ஒரு கண்ணிகூட விடாமல் இருந்தது. பிசின்கட்டியை அவர் தானாகவே கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுத்துவிட்டார்.

சத்தம் வந்தால் காது கொடுங்கள், நின்றால் உடனே பானெட்டைத் தூக்குங்கள். ஸ்பேர் பெல்ட்டை மேனேஜர் கண்ணில் காட்டாதீர்கள். வண்டியில் வருகிறவர் மடியில் இருப்பதைச் சரக்காகப் பார்க்காதீர்கள். இவ்வளவும் என்னால் சொல்லமுடிகிறது. அதற்குப் பிறகு அண்ணன் பட்டறைப் பக்கம் வரும்போதெல்லாம், நான் ஏதோ வண்டிக்கு அடியில் இருப்பேன். வேட்டிக் கரையும் செருப்பும் தெரியும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். "ஒண்ணுமில்லீங்க கண்ணு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று குரல் வரும். அன்றைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் வெளியே வராமல், இறுக்கிய போல்ட்டையே இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருப்பேன்.